பேஸ்பாலைக் காதால் கேள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அலுவலக நண்பர்கள் வற்புறுத்தியதால் தொலைக்காட்சியில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்ததாகவும், பந்து வீசுபவர் தொப்பியைச் சரிசெய்வதும் மட்டையாளர் கையுறையை இழுத்து மாட்டுவதுமாகவே பாதி நேரம் போய்விட்டதாகவும் தொலைபேசியில் சொன்னாய். நீ சொன்னது உண்மைதான். ஆனால் இந்த ஆட்டத்தை நீ கண்ணில் தொடங்கியிருக்கிறாய். காதில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சின்ன வயதிலிருந்தே லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த நான் பேஸ்பாலை வானொலியில்தான் கற்றுக்கொண்டேன். ஐம்பதுகளின், அறுபதுகளின் பாடல்களை, அதாவது இங்குள்ளவர்கள் ‘ஓல்டீஸ்’ என்று கொண்டாடும் பாடல்களை, அறிமுகப்படுத்தியதும் அதே வானொலிப் பெட்டிதான். இன்றுவரை இவ்விரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏன் என்பதை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் முடியும் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. வேலையும் குடும்பமும் உள்ள எவரும் இத்தனையையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சமைத்துக்கொண்டும், துணி மடித்துக்கொண்டும், நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டும் கேட்கலாம். 1921 ஆகஸ்ட் 5 அன்று பிட்ஸ்பர்கின் கேடிகேஏ நிலையம் முதன்முதலாக ஒரு பெரிய லீக் ஆட்டத்தை, அதாவது பேஸ்பாலின் உச்சநிலைத் தொழில்முறை ஆட்டத்தை, ஒலிபரப்பியது. அன்றிலிருந்து இந்த ஆட்டமும் வானொலியும் ஒன்றுக்கொன்று துணையாகிவிட்டன. உன்னைச் சலிப்படைய வைத்த அந்த இடைவெளிகள்தாம் வானொலிக்குக் கிடைத்த வரம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே கதை சொல்ல நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தை வின் ஸ்கல்லியைப் போல் பயன்படுத்தியவர் வேறு எவரும் இல்லை என்பேன். 1950இல் நியூயார்க்கின் புரூக்ளினில் டாட்ஜர்ஸ் அணிக்கு வர்ணனை செய்யத் தொடங்கி, அணி இந்த ஊருக்குக் குடிபெயர்ந்தபோது தாமும் வந்து, 2016 வரை 67 பருவங்கள் அந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருந்தார். நியூயார்க்கில் சிறுவனாக இருந்தபோது, நான்கு கால்கள் வைத்த பெரிய வானொலிப் பெட்டியின் அடியில் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டு, கூட்டத்தின் ஆரவாரம் தம்மேல் கொட்டுவதைக் கேட்பாராம். பின்னாளில் ஏதேனும் பெரிதாக நடந்தால் அவர் உடனே வாயை மூடிக்கொண்டதற்கு இந்த அனுபவமே காரணம். கூட்டம் பேச வேண்டிய நேரத்தில் வர்ணனையாளர் பேசக் கூடாது என்பதை அவர் ஒரு நெறியாகவே வைத்திருந்தார். இன்று மைதான எல்லைக்கு அப்பால் பந்தை அடிக்கும் ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களைக் கேட்கும்போது, அந்த நெறியின் அருமை எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

1958இல் அணி இங்கு வந்தபோது அதற்கென்று சொந்த மைதானம் இல்லை. தடகளத்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கட்டப்பட்ட கொலிசியம் அரங்கில்தான் நான்கு பருவங்கள் ஆடினார்கள். பின்வரிசைகளில் அமர்ந்தவர்களுக்கு ஆட்டக்காரர்கள் எறும்புகளாகத்தான் தெரிந்தார்கள். ஆகவே மக்கள் கையோடு டிரான்சிஸ்டர் வானொலி கொண்டுவந்து, கண்முன்னே நடக்கும் ஆட்டத்தை ஸ்கல்லியின் குரலில் புரிந்துகொண்டார்கள். 1960இல் ஒருநாள், அன்று நடுவராக நின்ற ஃபிராங்க் சீகோரிக்குப் பிறந்தநாள் என்று ஸ்கல்லி வானொலியில் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். அரங்கம் முழுவதும் ஒரே குரலில் நடுவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கூவியது. எத்தனை பேர் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த ஒரு கூவலில் தெரிந்துவிட்டது.

நீ கேட்டே ஆக வேண்டிய ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. 1965 செப்டம்பர் 9 இரவு, சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக டாட்ஜர்ஸின் சாண்டி கூஃபாக்ஸ் பந்து வீசிய ஆட்டத்தின் ஒன்பதாவது, அதாவது கடைசி, இன்னிங்ஸ் அது. எதிரணி மட்டையாளர் 27 பேரில் ஒருவர்கூட முதல் பேஸை, அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதை, அடையாமல் வெளியேறினால் அதைப் பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள். கூஃபாக்ஸ் அன்று அதைத்தான் செய்தார். அன்று எதிர்ப்பக்கம் பந்து வீசிய பாப் ஹெண்ட்லி விட்டுக்கொடுத்ததும் ஒரே ஒரு ஹிட்தான் (மட்டையாளர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது); டாட்ஜர்ஸுக்குக் கிடைத்த அந்த ஒற்றை ரன்கூட அந்த ஹிட்டினால் வந்ததன்று. ஸ்கல்லி பெரிய சொற்கள் எதையும் தேடுவதில்லை. கூஃபாக்ஸ் நெற்றியைத் துடைப்பதையும், தொப்பியைச் சரிசெய்வதையும், பந்து வீசும் மேட்டின் பின்னால் நடந்து போய்த் திரும்பி வருவதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தொலைக்காட்சியில் உனக்குச் சலிப்பூட்டிய அதே அசைவுகள், கேட்கும்போது மூச்சை நிறுத்திவிடுகின்றன. நடுவே தேதியையும், அரங்கக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் அடிக்கடி குறிப்பிடுகிறார். பின்னாளில் கேட்கப்போகிறவர்களுக்காக அப்போதே எழுதி வைப்பதைப் போல. கடைசி மட்டையாளர் மூன்றாவது ஸ்ட்ரைக்கில் (ஸ்ட்ரைக் என்பது மட்டையாளருக்கு எதிராக எண்ணப்படும் பந்து; மூன்றானால் அவுட்) ஏமாந்ததும் அவர் குரல் நின்றுவிடுகிறது. அரை நிமிடத்துக்கும் மேலாகக் கூட்டத்தின் ஓசை மட்டுமே கேட்கிறது. பிறகுதான் மீண்டும் பேசுகிறார். மணி இரவு 9:46 என்கிறார்.

உனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றக்கூடியவர் ஹைமே ஹரின். எக்குவடோரில் பிறந்து 1955இல் அமெரிக்கா வந்தவர். உன்னைப் போலவே வரும்போது பேஸ்பால் என்றால் என்னவென்று தெரியாது. 1959இல் டாட்ஜர்ஸின் ஸ்பானிய வர்ணனைக்குச் சேர்ந்தார். வெளியூர் ஆட்டங்களுக்கு ஸ்பானியக் குழுவை அனுப்பாத காலத்தில், ஸ்டூடியோவில் அமர்ந்து ஆங்கில வர்ணனையைக் காதில் கேட்டபடியே ஆட்டத்தை ஸ்பானியத்தில் புதிதாக உருவாக்கிச் சொன்னார்கள். 1981இல் இருபது வயது ஃபெர்னாண்டோ வலென்சுவேலா மெக்சிகோவின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து தாம் தொடக்கப் பந்து வீச்சாளராக ஆடிய முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றபோது, எங்கள் தெருவில் இரண்டு மொழிகளிலும் வானொலி ஓடியது. பக்கத்து வீட்டுப் பாட்டி வாசற்படியில் அமர்ந்து பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டே ஹரினைக் கேட்பார். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஸ்கல்லி பேசிக்கொண்டிருப்பார். ஒரு சொல்லும் புரியாமலேயே, பாட்டி கைதட்டும் ஓசையை வைத்து ஸ்ட்ரைக் அவுட்டை நான் அறிந்துகொள்வேன்.

ஆட்டம் முடிந்ததும் அலைவரிசையைத் திருப்பினால் பழைய பாடல்கள். இங்கே நீ தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஆர்ட் லபோ. ஐம்பதுகளில் ஹாலிவுட்டின் ஒரு டிரைவ்-இன் உணவகத்திலிருந்து, அதாவது காரில் அமர்ந்தபடியே சாப்பிடும் இடத்திலிருந்து, நேரடியாக வானொலி நிகழ்ச்சி நடத்தியவர். இளைஞர்களின் நடன நிகழ்ச்சிகளுக்கு லாஸ் ஏஞ்சலஸ் நகர விதிகள் இடைஞ்சலாக இருந்ததால், நகர எல்லைக்கு வெளியே எல் மான்டேயில் அவற்றை நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோ வம்சாவளியினரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். 1959இல் ‘ஓல்டீஸ் பட் குடீஸ்’ என்ற இசைத்தட்டை அவர் வெளியிட்டபோது அதிலிருந்த பாடல்களுக்குச் சில ஆண்டுகளே வயதாகியிருந்தன. ஆனாலும் அது மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனைப் பட்டியலில் நின்றது.

அந்தப் பாடல்களின் எளிமையைக் குறைவாக எண்ணிவிடாதே. 1954இல் பெங்குவின்ஸ் குழு பாடிய ‘எர்த் ஏஞ்சல்’ தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் பதிவானது. டிரம்ஸின் ஓசையை அடக்கத் தலையணை வைத்தார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள். டெட்ராய்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தார் பாடலை முடிக்குமுன் சிறிய கார் ஒலிபெருக்கியில் ஓட விட்டுச் சோதிப்பார்கள், ஏனென்றால் வாங்குகிறவர்கள் அதை முதலில் காரில்தான் கேட்கப்போகிறார்கள். விலையுயர்ந்த ஒலிப்பெட்டியைவிடக் காரின் சாதாரண ஒலிபெருக்கியில் இவை எனக்கு உயிரோடு கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் லபோவை நான் விடாமல் கேட்டது பாடல்களுக்காக மட்டுமன்று. அவருடைய நிகழ்ச்சியின் உயிர் நேயர் விருப்பம்தான். கணவன் சிறையில் இருக்கும் பெண்கள், தந்தையைப் பிரிந்த குழந்தைகள், இரவுப் பணிக்குப் போகும் தாய்மார் எல்லாரும் அழைப்பார்கள். அவர் அவசரப்படாமல் பேச விடுவார், பெயரைச் சரியாகச் சொல்வார், பிறகு பாடலை வைப்பார். சிறையிலிருப்பவரும் அதே நேரத்தில் அதே பாடலைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் அழைத்தார்கள். ஸ்கல்லியிடம் நான் கண்டதும் இதுதான்: இலட்சக்கணக்கானோர் கேட்டாலும் ஒருவரிடம் பேசுவதுபோலவே பேசினார். ஸ்கல்லி 94 வயதிலும் லபோ 97 வயதிலும் மறைந்தார்கள். இரண்டும் 2022இல், இரண்டு மாத இடைவெளியில் நடந்தன. ஹரின் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான். அந்த இலையுதிர்காலத்தில் இந்த நகரமே குரலிழந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. பழைய பாடல்களுக்கென்றே பெயர் பெற்றிருந்த கே-எர்த் 101 வானொலி நிலையம் எண்பதுகளின் பாடல்களுக்கு நகர்ந்துவிட்டது. ஐம்பதுகளின் பாடல்களை அங்கே எதிர்பார்க்க முடியாது என்பது எனக்கு உண்மையான வருத்தம். பேஸ்பாலிலோ 2023இல் பந்து வீசுவதற்குக் கால வரம்பு கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டு சராசரியாக 3 மணி 4 நிமிடம் நீடித்த ஆட்டம் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. உன் குறை பாதி தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். கதைகளுக்குரிய இடம் கொஞ்சம் சுருங்கியது என்றாலும், இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். வீணான இழுவை குறைந்து ஆட்டத்தின் இயல்பான தாளம் திரும்பியிருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியது இதுதான். உள்ளூரில் நடக்கும் இரவு ஆட்டங்கள் பெரும்பாலும் 7:10 மணிக்குத் தொடங்கும். வீடு திரும்பும் வழியில் டாட்ஜர்ஸ் ஆட்டங்களை ஒலிபரப்பும் ஏஎம் 570 வானொலியை வைத்துக்கொள். முதல் சில ஆட்டங்களில் எல்லாம் புரிய வேண்டும் என்று முயலாதே. பந்து வீசுபவர் யார், எத்தனை பேர் அவுட், பேஸில் யார் நிற்கிறார் என்ற மூன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஐந்தாவது இன்னிங்ஸ் வரையாவது அணைக்காமல் கேள். கூஃபாக்ஸின் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸை மட்டும் கார் ஓட்டும்போது கேட்காதே. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேள், கேட்டு முடித்ததும் எத்தனை மணியானாலும் என்னை அழை.

அன்புடன்,
அக்கா