விலகினாரா, விலக்கினார்களா? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் செய்தி எழுதுகிற, திருத்துகிற, தலைப்பு வைக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஒருவர் கட்சியை விட்டோ, வேலையை விட்டோ, வீட்டை விட்டோ வெளியே வந்த செய்தி இல்லாத நாளே கிடையாது. அந்தச் செய்திகளில் நீங்கள் போடும் வினைச்சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். ஒரு சேனலில் 'விலகல்' என்று ஓடுகிறது. அதே ஆளைப் பற்றி இன்னொன்றில் 'நீக்கம்' என்று ஓடுகிறது. எப்படியோ வெளியே வந்துவிட்டார், ஏதோ ஒரு சொல் என்று விடுகிற விஷயமா இது? அவராகப் போனாரா, போகச் செய்தார்களா என்பதுதானே செய்தியே.

இதைச் சொல்லத் தமிழில் துளியும் கஷ்டப்பட வேண்டாம். விலகு, விலக்கு. நீங்கு, நீக்கு. ஒதுங்கு, ஒதுக்கு. வெளியேறு, வெளியேற்று. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். ஓர் எழுத்து வலித்து ஒலித்தால் வினைக்குப் பொறுப்பான ஆள் மாறிவிடுகிறார். இவ்வளவு வசதியான மொழியை வைத்துக்கொண்டு, பொறுப்பாளி யார் என்பதை நாமே மங்கலாக்கலாமா?

நம் அரசியல் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். திராவிடர் கழகத்திலிருந்து அண்ணாவும் அவருடைய தோழர்களும் விலகி வந்து, 1949 செப்டம்பர் 17 அன்று தி.மு.க.வைத் தொடங்கினார்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆரை அதே தி.மு.க. நீக்கியது. சில நாட்களிலேயே அவர் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். இரண்டு முறையும் புதுக் கட்சி பிறந்தது என்பதற்காக இரண்டையும் 'பிரிவு' என்று ஒரே மூட்டையில் கட்டினால், முதலில் கதவைத் திறந்துகொண்டு போனவர்களும் பிறகு கதவு சாத்தப்பட்டவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

சட்டத்திலும் இந்த வேறுபாட்டுக்கு இடம் இருக்கிறது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் கட்சியின் உறுப்பினர் பொறுப்பைத் தானாக விட்டால் பதவி போய்விடும். கட்சி அவரை நீக்கினால், அந்த ஒரு காரணத்தால் பதவி போகாது. நம் சட்டமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஜி. விஸ்வநாதன் வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கியது: நீக்கப்பட்டவரும் சபையைப் பொறுத்தவரை பழைய கட்சிக்காரராகவே கருதப்படுவார், அவர் வேறு கட்சியில் சேர்ந்தால்தான் தானாக விலகியதாக ஆகும். ஆக, 'விலகினார்' என்று நீங்கள் போடும்போது ஒருவருடைய பதவியைத் தொடும் சொல்லைப் போடுகிறீர்கள். கட்சி அறிக்கையில் "அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார், இவருடன் யாரும் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது" என்று இருந்தால், நீக்கியவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். "நீக்கப்பட்டார்" என்பதோடு நிறுத்தினால் நீக்கிய கை மறைந்துபோகிறது.

இதைவிட எனக்கு மனம் பொறுக்காதது, ஊரை விட்டு ஒதுக்கி வைக்கும் செய்திகள். "ஊரிலிருந்து ஒதுங்கி வாழும் குடும்பம்" என்று எழுதிவிடுகிறோம். அவர்களா ஒதுங்கினார்கள்? கடையில் தீப்பெட்டி கூடத் தரமாட்டார்கள். அவர்களோடு பேசினால் பேசியவருக்கும் தெண்டம். கோயில் வரியை நீட்டினால் வாங்கமாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தால் பாடை தூக்க ஆள் வராது. பத்துப் பேர் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துச் செய்யும் காரியம் இது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் இப்படிச் சமூகப் புறக்கணிப்பு விதிப்பதையும், விதிப்போம் என்று மிரட்டுவதையும் நேரடியாகவே குற்றமாக்கியிருக்கிறது. மகாராஷ்டிரம் 2016இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, மூன்றாண்டு வரை சிறை என்று வைத்தது. சட்டம் குற்றம் என்று சொல்வதை 'ஒதுங்கினார்கள்' என்று எழுதினால், பாதிக்கப்பட்டவர் ஏதோ விரும்பித் தனியாக இருப்பதுபோல் ஆகிறது. "ஒதுக்கி வைத்தார்கள்" என்று எழுதுங்கள். யார் என்றும் எழுதுங்கள்.

காதல் திருமணச் செய்திகளிலும் இதே கதைதான். "பெற்றோரைப் பிரிந்து சென்ற இளம்பெண்" என்று தலைப்பு இருக்கும். உள்ளே படித்தால், தகப்பனார் மகளைத் தலைமுழுகிவிட்டதாகச் சொல்லியிருப்பார். உயிரோடு இருக்கும் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிய பெற்றோரைப் பற்றியும் நம் ஊடகங்களில் செய்தி வந்திருக்கிறது. உறவை அறுத்தது யார் என்பது அந்தப் போஸ்டரிலேயே இருக்கிறதே. அப்புறம், 'வாழாவெட்டி' என்ற சொல்லைத் தயவுசெய்து மேற்கோளுக்குள் கூடப் போடாதீர்கள். கணவன் துரத்திவிட்டிருந்தாலும் குற்றத்தைப் பெண் தலையில் வைக்கும் சொல் அது. மனைவியைத் துரத்தியவனுக்கு அப்படி ஒரு சொல்லை நாம் உண்டாக்கவே இல்லை.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதவளத் துறையின் அறைக்குக் கூப்பிட்டு, ஏற்கெனவே அச்சடித்த ராஜினாமா கடிதத்தை மேசையில் வைத்து, கையெழுத்து மட்டும் போடச் சொல்லும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ராஜினாமா என்றால் ஆட்குறைப்புக்கான இழப்பீடு கிடையாது. நிறுவனம் "விலகினார்கள்" என்றும் ஊழியர்கள் "விலக வைத்தார்கள்" என்றும் சொன்னால், நிறுவனத்தின் சொல்லை மட்டும் எடுத்துத் தலைப்பாக்காதீர்கள்.

சில நேரம் இரண்டுமே உண்மையாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். 2022 மார்ச் 15 அன்று, ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe; ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, வேறொரு பன்னாட்டு அமைப்பு) என்ற அமைப்பிலிருந்து விலகுவதாக ரஷ்யா கடிதம் கொடுத்தது. கடிதப்படி விலகல் நடைமுறைக்கு வர அந்த ஆண்டு முடிய வேண்டும். மறுநாளே கவுன்சிலின் அமைச்சர்கள் குழு, ரஷ்யா இனி உறுப்பினர் இல்லை என்று முடிவெடுத்தது. இதற்கு ஒற்றைச் சொல் தேட வேண்டியதில்லை. முந்தைய நாள் விலகல் கடிதம், மறுநாள் நீக்கம் என்று தேதியோடு இரண்டு வரி போட்டால் போதும்.

உங்கள் நடைக் கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தி முகமைகள் ஆங்கிலத்தில் அனுப்பும் செய்தியை அவசரமாகத் தமிழாக்கும் இரவுப் பணி துணையாசிரியரின் மேசையில் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். யார் செய்தது என்று அந்த நேரத்தில் தெரியவில்லையா? சரி, "வெளியேற்றியதாக ஊழியர்கள் கூறுகின்றனர், விலகியதாக நிர்வாகம் கூறுகிறது" என்று இருதரப்பையும் போடுங்கள். தெரிந்ததும் தலைப்பைத் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் செய்திகளைத் தினமும் படிக்கும் வாசகன்