நோட்டீஸில் இருந்து ‘தனுஷ்கோடி கடல் குளியல்’ வரியை எடுத்துவிடுங்க

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி டூர் வேன் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும்,

வணக்கமுங்க. ராமேஸ்வரம் டூர் நோட்டீஸ் எதை எடுத்தாலும் ஒரே அச்சுத்தான். ராத்திரி கிளம்பி, விடியக்காலையில் அக்னி தீர்த்தம், அப்புறம் கோயிலில் 22 தீர்த்தம், மதியச் சாப்பாடு, அதற்குமேல் தனுஷ்கோடி, அங்கே ‘கடல் குளியல்’. இந்த வரிசையும் தப்பு, கடைசி வரி ஆபத்து.

முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த சாலையில் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. மதியம் போனால் வெயிலில் காயலாம், வண்டி வரிசையில் நிற்கலாம். கடலைப் பார்ப்பது பத்து நிமிஷம்தான். சோதனைச் சாவடியில் காலையில் வண்டி விட ஆரம்பித்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விடுங்க. தை, மாசியில் போனால் சாலையோர உப்பங்கழியில் பூநாரை நிற்கும். வேனுக்குள் இருந்தபடியே பார்க்கலாம், பாட்டுச் சத்தம் மட்டும் வேண்டாம். திரும்பி வந்து அக்னி தீர்த்தம், பிறகு 22 தீர்த்தம். கால் மணலும் உப்பும் அங்கேயே கழுவிப் போய்விடும்.

இனி குளியல் விஷயம். அரிச்சல்முனைக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல். ஒரு பக்கம் குளம் மாதிரி கிடக்கிறதே என்று இறங்குவதுதான் வினை. முனையில் நீரோட்டம் ஒரு கடலில் இருந்து மறுகடலுக்கு இழுக்கும், காலடி மணல் அரித்துக்கொண்டே போகும். முழங்கால் தண்ணீரில் நிற்பவர் இரண்டடி நகர்ந்தால் கழுத்தளவு. நம்ம பக்கத்து ஆட்கள் கிணற்றிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் நீந்திப் பழகியவர்கள், அந்தத் தைரியமே இங்கே எதிரி. வாய்க்கால் ஒரே திசையில்தான் இழுக்கும், இரண்டு பக்கமும் கரை உண்டு. கடல் கரையை விட்டு உள்ளே இழுக்கும். அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நேராக நீந்துபவர் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகி, அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். சேதுவில் நீராடியே ஆக வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு ஒரு சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிவிடுங்க, ஐதீகத்துக்கு அது போதும்.

தண்ணீர் விளையாட்டு கேட்கும் இளவட்டத்துக்குக் காரங்காடு இருக்கிறது. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகும், கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகும் விடுகிறார்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்க. ஒரு வேன் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற முடியாது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்க. காது வரை ஏறி வந்தால் வார் தளர்வு, இறுக்கிக் கட்டணும்.

ஓட்டுநர்களுக்குத் தனியாக. தனுஷ்கோடிச் சாலையில் எதிர் வண்டிக்கு வழிவிட்டுத் தார் விளிம்பைத் தாண்டிவிடாதீங்க. பின்சக்கரம் மணலில் இறங்கியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி வெட்டி, அச்சு வரை அமுங்கிவிடும். உடனே நிறுத்தி ஆட்களை இறக்குங்க. சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மணலை வாரிவிட்டு, நனைத்த கோணிச்சாக்கை டயருக்கு அடியில் திணித்து, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்க. அதற்கும் அசையாவிட்டால் டயர் காற்றில் மூன்றில் ஒரு பங்கை இறக்கலாம். ஆனால் அங்கே காற்றடிக்கக் கடை கிடையாது. பம்ப் இல்லாமல் இறக்காதீங்க. மண்வெட்டி ஒன்று, சாக்கு நாலு, பம்ப் ஒன்று, மூன்றும் டிக்கியில் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவணும். உப்பு முதலில் தின்பது பிரேக் பைப்பையும் சைலன்சரையும்தான்.

கோவையில் இருந்து போக மட்டும் 380 கி.மீ.க்கு மேல். இரவு முழுக்க ஓட்டியவரையே அடுத்த இரவும் ஓட்டச் சொல்லாதீங்க உரிமையாளர்களே. இரண்டாவது ஓட்டுநருக்கான கூலியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து டிக்கெட்டிலேயே சேர்த்துவிடுங்க.

இப்படிக்கு,
கடற்கரை டூர்களுக்கு உடன் போகும் கொங்குநாட்டு வழிகாட்டிகள்