காலாண்டு முடிந்தது, அரையிறுதி வருகிறது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து, திருத்திய விடைத்தாள்களும் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. பத்தாம் வகுப்புக் கணக்கில் சென்ற ஆண்டைவிடத் தேறியிருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் இன்னும் தேற வேண்டும். இலக்கிய மன்றப் போட்டிகளும் அறிவியல் கண்காட்சியும் நல்லபடியாக நடந்தன. பதினோராம் வகுப்பு மாணவியருக்கான மிதிவண்டிகள் வந்துவிட்டன. சத்துணவுக் கூடத்தின் ஒழுகல் ஒருவழியாக நின்றது. மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட்டு, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று கொடுத்தனுப்புங்கள். பங்கேற்ற மாணவியர்க்கும் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

இனி, கால்பந்து.

நம் 17 வயதுக்குட்பட்டோர் அணி குறுவட்டப் போட்டியில் வென்று, வருவாய் மாவட்டப் போட்டியின் அரையிறுதிக்கு வந்திருக்கிறது. இந்தப் பள்ளியில் நான் பணியேற்ற நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. மழை பெய்தால் குளமாகும் மைதானம் நம்முடையது. ஒரு பக்கத்துக் கோல் கம்பத்துக்கு மட்டுமே வலை உண்டு. அதை வைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு வந்து பயிற்சி எடுத்து, எட்டரைக்குச் சீருடை மாற்றி, பிரார்த்தனைக் கூட்டத்தில் தூக்கக் கண்ணோடு நிற்கும் பதினெட்டுப் பெண்களின் உழைப்பு இது. விடுமுறை முடிந்த முதல் புதன்கிழமை காலை மாவட்ட விளையாட்டரங்கில் அரையிறுதி. வென்றால் மறுநாளே இறுதியாட்டம். அதற்கும் மேலே மாநிலப் போட்டி.

உங்களில் பலர் வருவீர்கள் என்பது தெரியும். வர வேண்டும் என்பதே என் விருப்பமும். முன்பெல்லாம் மகளைப் பந்து விளையாட அனுப்பச் சம்மதம் வாங்கவே உடற்கல்வி ஆசிரியை வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. வெயிலில் கறுத்துவிடுவாள், முழங்கால் போய்விடும், அரைக்கால் சட்டை போட்டால் ஊர் என்ன சொல்லும் என்று எத்தனையோ தடைகள். இன்று அப்பாக்கள் கடையை அடைத்துவிட்டு ஆட்டம் பார்க்க வருகிறீர்கள். காலிறுதியன்று நம் தரப்பில் அறுபது பேருக்குக் குறையாமல் நின்றீர்கள். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, முதல் இருபது நிமிடங்கள் வரை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விடைத்தாளும் மிதிவண்டியும் அறிவிப்புப் பலகையில் எழுதினாலே போதுமானவை என்பதை நீங்களும் ஊகித்திருப்பீர்கள்.

முதலில் அந்தக் கோல். எதிரணியினர் பக்கக்கோட்டிலிருந்து கையால் எறிந்த பந்து நேராக அவர்களுடைய முன்கள வீராங்கனையிடம் போனது. நம் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோருக்கும் பின்னால் அவள் நின்றாள், அடித்தாள், கோல். உடனே "ஆஃப்சைடு, ஆஃப்சைடு" என்று நம் பக்கம் முழுவதும் கத்தியது. ஆறு பேர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நடுவரைச் சுற்றி நின்றார்கள். ஆட்டம் ஒன்பது நிமிடம் நின்றது.

மறுநாள் உடற்கல்வி ஆசிரியையை உட்கார வைத்து எனக்குப் பாடம் எடுக்கச் சொன்னேன். ஆஃப்சைடு என்றால் கோலுக்குப் பக்கத்தில் நிற்பது என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆகவே உங்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கு அதிகம் இல்லை. அவர் மேசைமேல் சுண்ணாம்புக் கட்டிகளை அடுக்கிக் காட்டினார். எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியில் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோலுக்கு அருகே நின்று பந்தை வாங்குவதுதான் ஆஃப்சைடு. அதிலும் சக வீராங்கனை பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் கணக்கு. பந்து வந்து சேரும்போது எங்கே நிற்கிறார் என்பது கணக்கில்லை. அதைவிட முக்கியம், பக்கக்கோட்டிலிருந்து கையால் எறியும் பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது. விதி அப்படி. அன்று நடுவர் சொன்னது சரி. அறுபது பேரும் தவறு. அவர் நினைத்திருந்தால், வெளியாட்கள் உள்ளே நுழைந்த காரணத்துக்காக ஆட்டத்தையே கைவிட்டிருக்கலாம். விதி அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பொறுமைசாலியான ஒரு மனிதரால் நாம் அரையிறுதிக்கு வந்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம் கோல்கீப்பர். அந்தக் கோலுக்குப் பிறகு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற சிலர் அவளைத் திட்டினீர்கள். "கை என்ன பூப்பறிக்கவா இருக்கிறது" என்ற குரல் பந்தல்வரை கேட்டது. ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன், நான் முதலில் கணக்காசிரியைதான். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். உலகக் கோப்பையில் ஆறடி வீரர்கள் காப்பதும் இதே அளவுதான். மருத்துவ முகாமில் அளந்தபோது நம் பெண்ணின் உயரம் 1.48 மீட்டர். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எம்பினாலும் குறுக்குக் கம்பம் அவளுக்கு எட்டாது. அந்த இடத்தில் நிற்க வேறு யாரும் முன்வராததால் "நான் நிற்கிறேன், மிஸ்" என்று வந்தவள் அவள். ஒன்பதாம் வகுப்பு. இடைவேளையில் அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கம்பங்களுக்கு நடுவே நின்றாள். கடைசியில் 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனபோது, 11 மீட்டரிலிருந்து வந்த இரண்டு உதைகளைத் தடுத்து உங்களைத் துள்ளிக் குதிக்க வைத்தவளும் அவளேதான். திட்டியவர்களே அவளைத் தோளில் தூக்க வந்தார்கள். அவள் தூக்க விடவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன்.

உங்கள் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. மாநிலப் போட்டிவரை போய் ஒரு சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கலாம், நாளைக்குக் காவல்துறையிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறீர்கள். தவறான கணக்கு இல்லை. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தது. 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மறுபடியும் கொண்டுவந்தது. அந்த அணிகளுக்கு விளையாடியவர்களில் பலரும் நம்மைப் போன்ற சிற்றூர்களிலிருந்து போன பெண்கள்தாம். உங்கள் மகள் ஏன் போகக் கூடாது? ஆனால் பதினைந்து வயதுப் பெண் பந்தை வாங்கும்போது அப்பா ஒரு பக்கமிருந்து "அடி" என்றும், மாமா இன்னொரு பக்கமிருந்து "பாஸ் கொடு" என்றும், நடுவிலிருந்து ஆசிரியை வேறொன்றும் கத்தினால், அவள் யார் பேச்சைக் கேட்பாள்? காலிறுதி ஒளிப்பதிவை நாங்கள் பார்த்தோம். நம் நடுக்கள ஆட்டக்காரி பந்தைக் காலில் வைத்துக்கொண்டு மூன்று முறை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். மூன்று முறையும் பந்து பறிபோனது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆர்வத்தில் செய்வது. எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும். மூன்றாவதை அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை.

எதிரணியில் ஒன்பதாம் எண் சட்டை போட்ட மாணவி நன்றாக விளையாடினாள். நம்முடைய எல்லோரையும்விட நன்றாக விளையாடினாள் என்பதே உண்மை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முதலில் "கல்லூரிப் பெண்ணைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்" என்று தொடங்கியது. பிறகு "இது பெண்ணா, பையனா?" என்று ஒருவர் கேட்டார், பத்துப் பேர் சிரித்தார்கள். அவள் பந்தைத் தொடும்போதெல்லாம் விசிலடித்தார்கள். ஒருவர் கைப்பேசியில் அவளை மட்டும் தொடர்ந்து படம் பிடித்தார். அன்று மாலையே அந்தப் படம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அதன் கீழே எழுதியிருந்தவற்றை இங்கே எழுத மாட்டேன்.

வயதில் சந்தேகம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. பிறந்த தேதியைச் சரிபார்த்துத் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட தகுதிப் படிவம் இல்லாமல் யாரும் களத்தில் இறங்க முடியாது. நம் பிள்ளைகளுக்கு நான் கையொப்பமிட்டதைப் போல அவளுக்கும் ஒரு தலைமையாசிரியர் இட்டிருக்கிறார். எதிர்ப்பு இருந்தால் அணியின் பொறுப்பாசிரியை எழுத்து மூலம் கொடுப்பார். மற்றொரு கேள்விக்கு வழியே கிடையாது. ஏனென்றால் அதைக் கேட்கும் உரிமை எல்லைக்கோட்டில் நிற்கும் யாருக்கும் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. செய்தி ஊர் முழுக்கப் பரவி, அந்தப் பெண்ணின் உடலைப் பற்றி டீக்கடைகளில் பேசினார்கள். நான் அப்போது வேறொரு பள்ளியில் வகுப்பாசிரியை. எங்கள் ஆசிரியர் அறையிலும் பேசினோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். அதை எண்ணி இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் அதையெல்லாம் தாண்டி வந்து தடகளப் பயிற்சியாளரானார். ஆனால் ஒரு பெண்ணின் மேல் நாம் எறிந்ததை அவள் தாண்டி வந்துவிட்டாள் என்பதால் எறிந்தவர்களின் கணக்கு நேராகிவிடாது.

காலிறுதியன்றும் நான் பந்தலில் விருந்தினர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது என் தவறு. திங்கள்கிழமை நானும் உடற்கல்வி ஆசிரியையும் அந்தப் பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெருந்தன்மையோடு தேநீர் கொடுத்து அனுப்பினார். அந்த மாணவியைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி நாலு பேர் பார்ப்பதாகிவிடும்.

ஆகவே இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அரையிறுதியன்று பெற்றோருக்கென்று கயிறு கட்டிய இடத்தில்தான் எல்லோரும் நிற்க வேண்டும். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒருவரும் கூடாது. எதிரணிப் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. முன்பு எடுத்ததை யார் வைத்திருந்தாலும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அழித்துவிடுங்கள். குழுவில் போட்டவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். எதிரணி மாணவியின் உடலைப் பற்றி, நிறத்தைப் பற்றி, முடியைப் பற்றி நம் பக்கத்திலிருந்து ஒரு சொல் வந்தாலும் நடுவர் விசில் ஊதும்வரை காத்திருக்க மாட்டேன். நானே களத்தில் இறங்கி நம் அணியை அழைத்துக்கொண்டு வெளியேறிவிடுவேன். கோப்பை போகும், மாநிலப் போட்டி போகும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அணித்தலைவி, "சரி, மிஸ். அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் பெரும்பாலானவர்கள் அன்று ஒரு தவறும் செய்யாதவர்கள். உங்களுக்கு இது உறுத்தலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்தவற்றை நான் மறக்கவில்லை. பதினெட்டுச் சட்டைகளுக்கும் எண் தைத்துக் கூலி வாங்க மறுத்த தையற்கடைக்காரர், தினமும் காலைப் பயிற்சிக்குப் பால் அனுப்பும் அம்மா, காலில் சுளுக்கு விழுந்த பிள்ளையை எதுவும் கேட்காமல் மருத்துவமனைக்கு ஏற்றிச்சென்ற ஆட்டோக்காரர் என்று இந்த அணிக்குப் பின்னால் நிற்பவர்கள் நீங்கள்தாம். பள்ளி மேலாண்மைக் குழுவினர் இரண்டாவது கோலுக்கும் வலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கைதட்டல் இல்லாமல் நம் பிள்ளைகள் விளையாடுவதை நான் விரும்பவில்லை. கைதட்டுங்கள், விசிலடியுங்கள், நம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எதிரணி நன்றாக அடித்தால் அதற்கும் ஒரு கைதட்டு இருக்கட்டும், சேதமில்லை.

விடுமுறையிலும் காலைப் பயிற்சி உண்டு, ஞாயிறு தவிர. புதன்கிழமை காலை ஆறரைக்கு வேன் பள்ளி வாயிலிலிருந்து கிளம்பும். பிள்ளைகளுக்கு இட்லி போதும். சென்ற முறை இடைவேளையில் அன்போடு வந்த கோழி பிரியாணி இரண்டாம் பாதியில் என்ன செய்தது என்பதை உடற்கல்வி ஆசிரியை உங்களிடம் நேரில் சொல்வார். ஆரஞ்சும் தண்ணீரும் பள்ளியே கொண்டுவரும். வர இயலாதவர்கள் முடிவை அறிய அலுவலகத் தொலைபேசிக்கு அழைக்கலாம்.

நன்றியுடன்,

தலைமையாசிரியை

பின்குறிப்பு: நம் கோல்கீப்பரின் கையுறை இரண்டு விரல்களில் கிழிந்திருக்கிறது. அவள் அளவுக்குச் சிறிய கையுறை நம் ஊர்க் கடைகளில் இல்லை. விடுமுறையில் சென்னைக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் யாராவது இருந்தால், அளவைப் பள்ளி அலுவலகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். விலையை நான் கொடுத்துவிடுகிறேன்.