சப்புகஸ்கந்தவை விற்றுவிட்டால் என்ன என்று கேட்டாயே

வத்தளை
மார்ச் 2025

அன்பின் யோகன்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்துவிட்டது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. படிக்கட்டு ஏறுவதில் அவசரப்படாதே. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். சின்னவள் பேராதனையில் இறுதி வருடம் படிக்கிறாள். மனுசி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகன் எட்மன்டனில் வேலை செய்யும் எண்ணெய் ஆலையின் ஒரு மூலைக்குள் எங்கள் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் அடங்கிவிடும், ஐம்பத்தைந்து வருடப் பழைய இரும்பை வைத்துக்கொண்டு அரசாங்கம் ஏன் மாரடிக்கிறது, விற்றுவிட்டால் என்ன என்று எழுதியிருந்தாய். அதன் ஆய்வுகூடத்தில் என் இளமை முழுவதும் போயிருக்கிறது, மச்சான். ஒரு வரியில் பதில் எழுத எனக்கு வராது.

முதலில் அது எப்படி அரசின் கைக்கு வந்தது என்று பார். பெற்றோல், மண்ணெண்ணெய் எல்லாம் ஒரு காலம் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்ற மூன்று வெளிநாட்டுக் கொம்பனிகளின் கையில் இருந்தன. 1961இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் சட்டம் இயற்றிப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. வர்த்தக அமைச்சராக இருந்த டி.பி. இலங்கரத்னதான் அதற்கு முன்னின்றவர். சோவியத் யூனியனிலிருந்து மலிவாக எண்ணெய் வாங்கினார்கள். 1962இல் கொம்பனிகளின் தாங்கிகளிலும் விற்பனை நிலையங்களிலும் ஒரு பகுதியைக் கையகப்படுத்தினார்கள். நட்டஈட்டுப் பேச்சு இழுபட, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அமெரிக்கச் சொத்தைப் பறிக்கும் நாட்டுக்கு உதவி இல்லை என்ற ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலாகப் பாய்ந்தது எங்கள் சின்னத் தீவின் மேல்தான். அப்படியும் பின்வாங்கவில்லை. 1964 தொடக்கத்தில் எண்ணெய் வியாபாரம் முழுவதும் கூட்டுத்தாபனத்திடம் வந்துவிட்டது. அடுத்து வந்த டட்லி சேனநாயக்க 1965இல் நட்டஈட்டைப் பேசித் தீர்த்தார். ஆனால் கூட்டுத்தாபனத்தைக் கலைக்கவில்லை. அவருடைய காலத்தில்தான், 1969இல், சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது. கட்டிக் கொடுத்தது இத்தாலியின் ஸ்னாம்புரொஜெட்டி. ஒரு கட்சி தொடங்கியதை மற்றக் கட்சி வந்து இழுத்து மூடாமல் விட்ட அந்தப் பெருந்தன்மையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

தொடக்கத்தில் நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 38,000 பீப்பாய், பிறகு 50,000. ஏறக்குறைய எண்பது இலட்சம் லீற்றர். உன் மகன் சிரிப்பான், சிரிக்கட்டும். கொழும்புக்கு வெளியே கடலில் ஒரு மிதவை இருக்கிறது. கப்பல் அதில் கட்டப்பட்டதும் மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெய், கடலடிக் குழாய் வழியாக ஒருகொடவத்தைத் தாங்கிகளுக்கு வரும், அங்கிருந்து சப்புகஸ்கந்தவுக்கு. உப்பை நீக்கி, உலையில் 350 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக் கோபுரத்துக்குள் விடுவார்கள். மேலே வாயுவும் நாப்தாவும், நடுவே மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும், அதற்குக் கீழே டீசல், அடியில் கறுத்த எச்சம். நாப்தாவைப் பிளாட்டினம் வினையூக்கியின் மேல் ஓடவிட்டால்தான் வாகனத்துக்கு ஏற்ற பெற்றோலாகும். ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து அடர்த்தி, கொதிக்கும் எல்லை, தீப்பற்றும் வெப்பநிலை என்று பார்த்து எழுதுவது எங்கள் வேலை. விமான எரிபொருளில் ஒரு சோதனை பிசகினாலும் முழுத் தாங்கியும் நிற்கும். யார் தொலைபேசியில் அவசரப்படுத்தினாலும் கையெழுத்து வைக்காத மூத்தவர்களிடம்தான் நான் தொழில் படித்தேன். பெற்றோல் எஞ்சினில் முட்டாமல் எரியும் தரத்தை, அதாவது ஒக்டேன் எண்ணைப் பார்க்கும் அந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. முட்டும் சத்தம் மாறுவதை வைத்தே மானியைப் பார்க்குமுன் எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

இனி அதன் குறையைச் சொல்கிறேன். வெளியில் கதைப்பவர்கள் இயந்திரம் பழசு என்கிறார்கள். பழசை மாற்றலாம், குழாய், பம்பி, உலை எல்லாம் மாற்றக்கூடியவை. உண்மையான குறை இரண்டு. ஒன்று, அந்த நிலையம் ஈரானின் இலேசான மசகு எண்ணெயை நினைத்து வடிவமைக்கப்பட்டது. ஒருவருடைய காலுக்கு அளவெடுத்துத் தைத்த சப்பாத்து மாதிரி. வேறு எண்ணெயும் போடலாம், ஆனால் எங்கேயாவது கடிக்கும்: ஒரு பிரிவில் கொள்ளளவு போதாது, இன்னொன்றில் கந்தகம் கூடிவிடும். இரண்டாவது, அடியில் தங்கும் எச்சத்தை உடைத்து டீசலும் பெற்றோலுமாக்கும் கிராக்கர் அங்கே இல்லை. எச்சத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கும் அலகு மட்டும்தான். அதனால் உள்ளே போகும் மசகு எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போல உலை எண்ணெயாக வெளியே வருகிறது. வாங்கியதை விட மலிவாக விற்கவேண்டிய பொருள் அது.

இது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். அமைச்சுக்கும் தெரியும். 2008இல் ஈரான் ஜனாதிபதி அஹமதிநெஜாத் கொழும்புக்கு வந்தபோது ஈரானின் கடனில் கொள்ளளவை 100,000 பீப்பாயாக்கும் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டது. நாங்கள் எவ்வளவு நம்பினோம் தெரியுமா? அப்புறம் ஈரான் மேல் போட்ட தடைகள் இறுகின. 2012இல் ஈரானிய எண்ணெய் வருவதே நின்றது. அளவெடுத்த காலையே எடுத்துவிட்டார்கள். ஓமான், அபுதாபி, சவூதி என்று தேடி, கலந்து, சமாளித்து ஓட்டினார்கள். வாங்கிய பழைய எண்ணெய்க்கு ஈரானுக்குக் கொடுக்கவேண்டிய 251 மில்லியன் டொலரைத் தேயிலையாகக் கொடுப்பதாக 2021 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதியதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். மலையகத்துச் சனத்தின் உழைப்பு அந்தக் கடனையும் சுமக்கிறது என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால், 2021 நவம்பரில், மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் நிலையத்தை மூடினார்கள். இருக்கும் டொலருக்கு நேரடியாகப் பெற்றோலும் டீசலும் வாங்கினால் மேல், மூன்றில் ஒன்று உலை எண்ணெயாக ஏன் போகவேண்டும் என்பது வாதம். கணக்கில் அது சரி மாதிரித்தான் தெரியும். ஆனால் மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது? சப்புகஸ்கந்தவிலிருந்து. களனிதிஸ்ஸ மின்நிலையத்துக்கு நாப்தா? சப்புகஸ்கந்த. பக்கத்து மின்நிலையத்தின் பெரிய டீசல் எஞ்சின்களுக்குக் கன எண்ணெய்? அதுவும் அங்கிருந்துதான். மூடியதும் இவை எல்லாம் ஒன்றாக நின்றன. பருத்தித்துறையில் உன் தம்பி படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தான். வெளியிணைப்பு எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில், கடைகளில் ஒரு சொட்டு இல்லை. 2022 மார்ச்சில் எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் விழுந்து இறந்தார்கள். ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனது. 'பழைய இரும்பு' என்று எழுதினாயே, அந்த இரும்பு நின்றால் என்ன நடக்கும் என்று ஏழைச் சனம்தான் முதலில் அறிந்தது.

அந்த வருடம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். இது ஆலைக்கு எவ்வளவு கேடு என்று உன் மகனிடம் கேள். சூடாக்கி ஆறவிட்டு மறுபடி சூடாக்கினால் இணைப்புகள் கசியும், உலைக் குழாயில் கரி பிடிக்கும். சீராக ஓடத்தொடங்கவே நாட்கள் பிடிக்கும். மே மாத முடிவில் வந்தது ரஷ்ய எண்ணெய். 90,000 தொன், 72.6 மில்லியன் டொலர். பணம் கட்டும் வரை ஒரு மாதத்துக்கு மேலாகக் கப்பல் கடலிலேயே நின்றது. பழக்கமில்லாத சைபீரிய எண்ணெயை வைத்து அங்கே வேலை செய்த பொடியன்கள் நிலையத்தை மறுபடி எழுப்பினார்கள். நான் பயிற்றுவித்த சிலரும் அதில் இருந்தார்கள். வேலைக்கு வரவே அவர்களுக்குப் பெற்றோல் இருக்கவில்லை.

போர்க்காலத்தையும் அது தாண்டியது. 1995 ஒக்டோபரில் கொலன்னாவை, ஒருகொடவத்தைத் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தன. 2007 ஏப்ரலில், உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்த இரவில், கொலன்னாவைக்கும் முத்துராஜவெலவுக்கும் வான்வழியே குண்டு விழுந்தது. தொண்ணூற்றைந்தின் அந்தக் கிழமைகளில் தமிழ்ப் பெயரோடு எண்ணெய் நிலையத்துக்கு வேலைக்குப் போவது என்ன மாதிரி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. முறை மாறும் நேரத்தில் இரண்டு சிங்கள நண்பர்கள் வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் போன வருடம் காலமானார்.

ஆகவே விற்கக்கூடாது என்பதே என் முடிவு. சும்மா கிடக்கவும் விடக்கூடாது. அம்பாந்தோட்டையில் நாளுக்கு 200,000 பீப்பாய் ஆலை கட்ட சீனாவின் சினோபெக் கொம்பனியுடன் 2025 ஜனவரியில் ஒப்பந்தம் வைத்தார்கள். வரட்டும், வேலை கிடைக்கும். ஆனால் அது வெளிநாட்டுக் கொம்பனி பெருமளவு ஏற்றுமதியை நினைத்துப் போடும் முதலீடு. டொலர் இல்லாத ஒரு மாதத்தில் பருத்தித்துறைக்கு மண்ணெண்ணெய் அனுப்பு என்று அதற்குக் கட்டளையிட முடியாது. சப்புகஸ்கந்தவுக்கு இடலாம். அதற்கு எச்சத்தை உடைக்கும் அலகு ஒன்றையும், பலவகை எண்ணெயைத் தாங்கும் உலையையும் முதலில் கொடுக்கவேண்டும். இதை எத்தனையோ அரசாங்கங்கள் கோப்பில் வைத்துப் பூட்டின. என் கோபம் முழுவதும் அந்தக் கோப்பின் மேல்தான், இரும்பின் மேல் இல்லை.

மகனிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுது. 50,000 பீப்பாய் அளவுள்ள பழைய ஆலையில் எச்சத்தைப் பதப்படுத்தும் அலகைச் சேர்ப்பதென்றால் இப்போது எதைச் சிபாரிசு செய்கிறார்கள்: எச்சத்தைச் சூட்டால் உடைக்கும் கோக்கரா, ஹைட்ரஜனைச் சேர்த்து உடைக்கும் ஹைட்ரோகிராக்கரா? ஹைட்ரஜனுக்கு என்ன செய்கிறார்கள்? ஓய்வு பெற்றவர்கள் சிலர் சேர்ந்து அமைச்சுக்கு ஒரு கடிதம் தயார் செய்கிறோம். அவன் ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். சித்திரைக்குள் வந்தால் உதவி.

அன்புடன்,
ராஜன்