கிரகணமும் என் மேலுதடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த 2025 செப்டம்பர் 7-ஆம் தேதி ஞாயிறு இதழில், அன்றிரவு 9.57 மணிக்குத் தொடங்கவிருந்த முழு சந்திர கிரகணத்தைப் பற்றித் தாங்கள் இரண்டு செய்திகளை வெளியிட்டிருந்தீர்கள். முதல் பக்கச் செய்தி, கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாம், அச்சம் வேண்டாம் என்றது. ஆன்மிகப் பக்கத்துச் செய்தியோ, கருவுற்ற பெண்கள் வெளியே வரக்கூடாது, அரிவாள்மனையைத் தொடக்கூடாது, மீறினால் பிறக்கும் குழந்தையின் உதடு பிளந்துவிடும் என்றது. அதன் கடைசி வரி என்னைப் பற்றியது என்பதால் இதை எழுதுகிறேன். நான் மேலுதடும், வாயின் மேற்கூரையான அண்ணமும் பிளந்து பிறந்தவன்.

செய்யாறு அருகே ஒரு சிற்றூரில் 1980 மே மாதம் பிறந்தேன். அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரி 16, சனிக்கிழமை அமாவாசையன்று ஒரு சூரிய கிரகணம் நேர்ந்தது. கர்நாடகக் கடற்கரையிலிருந்து ஆந்திரம் வழியாக ஒடிசா வரை முழுமையாகவும், நம் பக்கத்தில் பகுதியாகவும் தெரிந்தது. அன்று பிற்பகல், காயப்போட்டிருந்த புழுங்கல் நெல்லில் ஆடு வாய் வைத்துவிடும் என்று அதை அள்ளிவர என் தாயார் வெளியே போனார். அவருக்கு அப்போது இருபது வயது, ஆறு மாதக் கர்ப்பம். நான் பிறந்ததும் என் முகத்தைப் பார்த்துத் தந்தைவழிப் பாட்டி சொன்ன முதல் சொல், "அன்னைக்கே தலதலயா அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா?" என்பதாம். நெல்லை அள்ளிவரச் சொன்னவர் யார் என்று எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை.

அண்ணம் பிளந்த குழந்தையால் மார்பில் உறிஞ்சிக் குடிக்க இயலாது. என் தாயார் பாலைப் பீய்ச்சி, என்னை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை எனும் மூக்குவைத்த சிறு கிண்ணத்தால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். பாதிப் பால் மூக்கு வழியே திரும்பி வருமாம். இத்தனையும் செய்து என்னைப் பிழைக்க வைத்தவரைத்தான் ஊரார் வளைகாப்பு வீடுகளுக்கு அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் கை பட்ட வளையலைக் கருவுற்றவள் அணியக்கூடாதாம்.

கிரகண தோஷம் என்று முடிவு கட்டிவிட்டதால் முதல் ஐந்து ஆண்டுகள் பரிகாரங்களில் கழிந்தன. உதட்டுக்கு ஐந்தாம் வயதிலும் அண்ணத்துக்கு ஏழாம் வயதிலும் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போதெல்லாம் உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளாகவும் மருத்துவர்கள் சரிசெய்துவிடுகிறார்கள். குழந்தை பேசப் பழகும் முன்பே அண்ணம் மூடப்பட வேண்டும் என்பதே அதற்குக் காரணம். அண்ணம் மூடாவிட்டால் ப, ட, க போன்ற எழுத்துகளுக்கு வேண்டிய காற்று மூக்கு வழியே போய்விடும். நான் "பாப்பா" என்றால் "மாம்மா" என்று கேட்கும். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும் முறை எனக்கு வரும்போது ஆசிரியர் என்னைத் தாண்டி அடுத்த மாணவனிடம் போய்விடுவார். இரக்கத்தால் செய்தார் என்றே இன்றும் நம்புகிறேன்; ஆனால் நான் பேசிப் பழகியிருக்க வேண்டிய வயது அது.

இன்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். நகைக்கடன் கேட்டு வருபவர் ஒரு கணம் என் உதட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசத் தொடங்குவதும், என் பேச்சு மூக்கில் வருவதால் எனக்குக் காதும் கேட்காது என்று எண்ணிச் சிலர் உரக்கக் கத்துவதும் பழகிவிட்டன. (2020-இல் எல்லோரும் முகக்கவசத்தைச் சுமை என்று சலித்துக்கொண்டபோது எனக்கு மட்டும் அது விடுமுறை போலிருந்தது.) "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பதை என் எதிரிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்பவர்களையும் மன்னித்துவிடுகிறேன். எனக்கு ஆறாதது, என் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் அதற்கு அடுத்தபடியாக என் தாயாரைப் பார்ப்பதுதான்.

தங்கள் செய்தியைப் படித்தபின் ஒரு சிறு கணக்குப் போட்டேன். கருவில் மேலுதடு இருபுறமிருந்தும் வந்து ஒன்றுசேர்வது ஏறத்தாழ நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். அண்ணம் மூடுவது அதற்குச் சில வாரங்கள் கழித்து. மே மாதம் பிறந்த எனக்கு அது முந்தைய ஆண்டு புரட்டாசியும் ஐப்பசியும் ஆகும். கிரகணம் வந்ததோ மாசியில். என் தாயார் நெல்லை அள்ள வாசலில் இறங்கியபோது என் உதடு பிளந்து நான்கு மாதங்களுக்கு மேலாகியிருந்தன. பரம்பரைக் கூறுகள், தாயின் கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்கான சில மருந்துகள், புகைபிடித்தல் எனக் காரணங்கள் பல கலந்திருக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். பலருக்கு இன்னதென்று சொல்லக்கூடிய காரணமே கிடைப்பதில்லை.

இதையெல்லாம் அறிந்த நானும் ஒருமுறை வாய் மூடியிருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று, கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணத்தின்போது என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணிக்கு மேலும் அவரை ஓர் அறையில் பூட்டி, தலைமாட்டில் தர்ப்பையை வைத்து, குடிக்கத் தண்ணீர்கூடத் தராமல் காவல் இருந்தார்கள். காவல் இருந்தவர்களில் என் தாயாரும் ஒருவர். அவர் முகத்தைப் பார்த்தபின் எனக்கு வாதாட நாவெழவில்லை. மகள் எந்தக் குறையுமின்றிப் பிறந்தாள். அந்தப் பெருமையைப் பூட்டிய அறை தட்டிக்கொண்டு போயிற்று. பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் அது இன்றித்தான் பிறக்கின்றன என்று அப்போது சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

வரும் 2026 மார்ச் 3-ஆம் தேதி மாலை, நம் ஊரில் சந்திரன் உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருக்கும். தங்கள் ஆன்மிகப் பக்கத்தில் கோயில் நடை சாத்தும் நேரத்தையும் தர்ப்பணம் செய்யும் நேரத்தையும் தாராளமாக வெளியிடுங்கள். உதட்டைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில், உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறக்கும் குழந்தைகளுக்கு 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு என்றும், குழந்தையைப் பிறந்த உடனேயே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்க்க இயலுமானால் நன்றியுடையவனாவேன். என் தாயார் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் விரிப்பது தங்கள் ஆன்மிகப் பக்கத்தைத்தான்.

என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அதில் கூச்சமில்லை. அவர் பெயர் எங்கள் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு அடிபட்டுவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செய்யாறு வட்டம்.