வளைவில் ஓடு பதித்தவர்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஈரானின் இஸ்பஹானிலிருந்து நீ அனுப்பிய படங்களை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஷேக் லுத்ஃபுல்லா மசூதியின் குவிமாடம் கண்ணைவிட்டுப் போகவில்லை. முப்பது வருஷம் டைல்ஸ் ஒட்டியவன் நான். சமதரையில் ரசமட்டம் பிடித்து ஒட்டினாலே மூலையில் ஒரு நூல் பிசகும். வளைவில் எப்படி ஒட்டினார்கள் என்ற யோசனையில் தூக்கம் வரவில்லை. உன் தம்பி நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து வாசித்துக் காட்டினான்.

மொஅர்ரக் என்கிறார்களாம் அந்த வேலையை. ஒவ்வொரு நிறத்தையும் அதற்கேற்ற சூட்டில் தனித்தனியாகச் சுட்டுக்கொள்கிறார்கள். கோபால்ட்டில் கருநீலம், செம்பில் பச்சைநீலம். வரைந்த தாளை ஓட்டின்மேல் ஒட்டி, கூர்மையான சின்னச் சுத்தியலால் இதழிதழாகக் கொத்தி எடுக்கிறார்கள். கிரைண்டர் கிடையாது! துண்டின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் ஒடுக்கமாக அரம் போடுகிறார்கள். அப்போதுதான் முகங்கள் ஒன்றையொன்று முட்டும், பின்னால் சாந்து இறங்கும். துண்டுகளைக் குப்புற அடுக்கிச் சாந்து ஊற்றிப் பலகை மாதிரி ஆக்கி, அதை மேலே ஏற்றிப் பதிக்கிறார்கள். வளைவுக்கு அடுக்கும் அச்சே வளைவாக இருக்கும். இதைக் கேட்டதும்தான் மனசு ஆறியது.

லுத்ஃபுல்லா மசூதி 1603இல் தொடங்கி 1619இல் முடித்த கட்டடம். அரசர் முதலாம் ஷா அப்பாஸ். அதே சதுக்கத்தின் தென்பக்கத்திலுள்ள பெரிய மசூதியை, ஷா மசூதியை, 1611இல் தொடங்கினார்கள். அதன் நுழைவாயிலில் மொஅர்ரக். உள்ளே பெரும்பகுதி ஹஃப்த் ரங்கி, அதாவது ஒரே ஓட்டில் ஏழு வண்ணத்தையும் தீட்டி ஒரே தடவை சுடுவது. வேலை சீக்கிரம் முடியும். அதுவும் அழகுதான், ஆனால் என் மனசு கொத்தி எடுத்த வேலையிடம்தான் நிற்கிறது.

ஒன்று கவனித்தாயா? லுத்ஃபுல்லா குவிமாடத்தின் வெளிப்புறத்தில் பின்னணி முழுக்கப் பளபளப்பு இல்லாத மண்நிறம், கொடி வடிவங்களுக்கு மட்டும் மெருகு. அதனால் வெயில் கொடியில் மட்டும் மின்னுகிறது. எல்லாவற்றையும் மினுக்காமல் விட மனசு வேண்டும். உள்ளே, மேலே போகப்போக எலுமிச்சை வடிவங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. அந்தக் கணக்கைப் போட்ட மேஸ்திரியை நினைத்தால் கை தானாகக் கூப்புகிறது.

சரி, கிளம்புவதற்குள் சாயங்கால வெயிலில் ஒரு தடவை வெளியே நின்று பார். குவிமாடம் லேசாக ரோஜா நிறமாகுமாம். அப்புறம் பெரிய மசூதி வாசலில், கண் உயரத்தில், இரண்டு துண்டுகள் சேரும் இடத்தைக் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா