மேலூர் பஸ்ஸில் பார்த்தவர்

மதுரை
ஜூலை 10

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியில் உட்கார்ந்து எழுதவே முடியவில்லை. மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். மாடி ஒழுகல்தான் தீரவில்லை. "நாளைக்கு வர்றேன்" என்று கொத்தனார் சொல்லியே மூன்று வாரம் ஆயிற்று.

போன வாரம் மேலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. அப்படியே தும்பைப்பட்டிக்குப் போய் முன்னாள் மந்திரி கக்கனின் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நான் அவரை நேரில் பார்த்தது நிஜமா, கதையா என்று நீயும் நாற்பது வருடமாகக் கேட்கிறாய். நிஜம்தான். ஆனால் பாதியைத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

1972. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவோடு மேலூர் பஸ்ஸில் அத்தை வீட்டுக்குப் போகிறேன். யானைமலை தெரிய ஆரம்பித்ததும் அப்பா என் தோளைத் தட்டி, "அங்க பாரு, கக்கன்" என்றார். கதர் வேட்டி, கதர் சட்டை, கையில் துணிப்பை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மந்திரி என்றால் கார், மாலை, கூட்டம் என்று இருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். "இவரா மந்திரியா இருந்தாரு?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன். அப்பா தொடையில் கிள்ளினார். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இதுவரைதான் உனக்குத் தெரியும்.

அப்புறம் நடந்தது இது. யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். ஒத்தக்கடையில் அவர் பக்கத்து இடமும் காலியானது. அப்பா என்னை அங்கே உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. யார் பக்கத்தில் உட்காரலாம், யார் பக்கத்தில் கூடாது என்று அப்பத்தா சொல்லிக் கொடுத்தது அந்த வயதிலேயே உடம்பில் ஊறியிருந்தது. கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவும் இரண்டாவது முறை சொல்லவில்லை. நான் சின்னப் பையன், சரி. அப்பா?

தாழ்த்தப்பட்டவர்களை உள்ளே விடாமல் இருந்த மீனாட்சி கோயிலுக்குள், 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் அழைத்துப் போன தாழ்த்தப்பட்டவர்களில் கக்கனும் ஒருவர். அப்போது அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். உள்ளே போன பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. அதே வருடம் கோயில் நுழைவுக்காக ராஜாஜி சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை, பிறகு மக்களவை, 1957 முதல் பத்து வருடம் மந்திரி. இத்தனைக்கும் பிறகுதான் நான் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று நின்றேன்.

மணிமண்டபத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எளிமை எளிமை என்றுதான் பேசிக்கொண்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் தர்ம வார்டில் கிடந்தார், சொந்தமாக ஒன்றும் சேர்க்கவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் அதைச் சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது, கவனித்தாயா? ஏழையாக இருந்தார் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடலாம். எந்தக் கதவை எதிர்த்து நின்றார் என்று பேச ஆரம்பித்தால் நம் வீட்டுக் கதவும் அதில் வந்துவிடும்.

1965 மொழிப் போராட்டத்தில் சுட்டபோது போலீஸ் யார் கையில் இருந்தது என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். அவர்தான் உள்துறை மந்திரி. 67இல் மேலூரிலேயே தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை, தேடவும் இல்லை.

இதை என் மகனிடம்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம் சொல்ல ஏன் இத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை.

ஆவணியில் வருவதாக எழுதியிருந்தாயே, தேதி முடிவானால் எழுது. நீ சொன்ன தைலம் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. வரும்போது இரண்டு பாட்டில் வாங்கி வா.

உன்
ராஜு